முடங்கிய கணக்கும் இரண்டு விழுக்காட்டுப் பிழையும்

மாணவர்களே, உணவு விநியோகச் செயலியை நம்பிப் பிழைக்கும் ஒருவரின் கைப்பேசியில் காலையில் இப்படியொரு செய்தி வருகிறது: "அடையாளச் சரிபார்ப்பு தோல்வி. உங்கள் கணக்கு முடக்கப்பட்டுள்ளது." மோட்டாரில் எண்ணெய் நிரப்பியாகிவிட்டது. உணவுப் பையும் தயார். ஆனால் ஆர்டர் வராது. அன்றைய வருமானம் அந்த நிமிடமே நின்றுவிடுகிறது. அவர் உங்கள் அப்பாவாக இருக்கலாம், அண்ணனாக இருக்கலாம், எஸ்பிஎம் முடித்துவிட்டுக் கல்லூரிச் செலவுக்குப் பணம் சேர்க்கும் பக்கத்து வீட்டு அக்காவாகவும் இருக்கலாம்.

உடனே பெரும்பாலோர் செய்வது என்ன? "நான் எந்தத் தவறும் செய்யவில்லை, தயவுசெய்து திறந்துவிடுங்கள்" என்று உதவிப் பிரிவுக்குப் பத்து முறை எழுதுவார்கள். பதில் வராது; அல்லது ஒரே பதில் பத்து முறை வரும். இந்த வழி ஏன் பலன் தருவதில்லை, வேறு எது பலன் தரும் என்பதற்குப் பின்னால் அறிவியல் இருக்கிறது. அதில் பாதி, நீங்கள் இரண்டாம் படிவக் கணிதத்தில் படித்த பாடம்தான்.

கணக்கு எங்கேயும் போய்விடவில்லை

முடக்கப்பட்ட கணக்கு பொதுவாக அழிந்த கணக்கு அல்ல. நிறுவனத்தின் சர்வரில் ஒவ்வொரு ரைடருக்கும் ஒரு பதிவு இருக்கும். பெயர், அடையாள அட்டை எண், ஓட்டுநர் உரிமம், இதுவரை செய்த பயணங்கள் எல்லாம் அதில் அடங்கும். அந்தப் பதிவில் 'நிலை' என்று ஒரு கட்டம். அதில் 'இயங்குகிறது' என்று இருந்த இடத்தில் 'முடக்கம்' என்று மாறியிருக்கிறது. அவ்வளவுதான். ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அந்தக் கட்டத்தை மாற்றியது எது என்பது.

சில சமயம் அது மிக எளிய விதி. உரிமத்தின் காலாவதி தேதி கடந்துவிட்டது, அல்லது காப்புறுதி புதுப்பிக்கப்படவில்லை. கணினி இரண்டு தேதிகளை ஒப்பிட்டுக் கதவைச் சாத்திவிட்டது. புதிய ஆவணத்தைப் பதிவேற்றினால் பெரும்பாலும் வேலை முடிந்தது. கடவுச்சொல் மறந்துபோனதும் கைப்பேசி எண் மாறிப்போனதும் முடக்கமே அல்ல. அங்கே கணக்கு திறந்துதான் இருக்கிறது, சாவிதான் தொலைந்திருக்கிறது. உணவு வாங்கும் வாடிக்கையாளர்களுக்கு வரும் சிக்கல்களில் பல இந்த இரண்டாவது ரகம்.

தொல்லை பிடித்தது மூன்றாவது ரகம்: சந்தேகம். "இந்தக் கணக்கை ஓட்டுபவர் உண்மையான உரிமையாளர்தானா?" என்று ஓர் இயந்திரம் சந்தேகப்பட்டால் என்ன நடக்கும் என்பதைத்தான் கொஞ்சம் விரிவாகப் பார்க்கப் போகிறோம். இந்தச் சந்தேகத்துக்கு நியாயமான காரணம் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். கணக்கை வாடகைக்கு விடுபவர்கள் இருக்கிறார்கள். உரிமம் இல்லாத ஒருவர் இன்னொருவர் பெயரில் உங்கள் வீட்டு வாசலுக்கு வருவதை யாரும் விரும்பமாட்டோம்.

முகம் எண்ணாக மாறும் விதம்

பல செயலிகள் ரைடரை அவ்வப்போது ஒரு செல்ஃபி எடுக்கச் சொல்கின்றன. அந்தப் படத்தை, பதிவு செய்தபோது கொடுத்த படத்தோடு ஒப்பிடுகின்றன. நாம் செய்வதுபோல மூக்கையும் கண்ணையும் பார்த்து ஒப்பிடுவதில்லை. இயந்திரக் கற்றல் முறையில் பழக்கப்பட்ட நிரல், ஒரு முகத்தை ஒரு நீண்ட எண் வரிசையாக மாற்றுகிறது. 2015இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஃபேஸ்நெட் என்ற முறையில் ஒரு முகத்துக்கு 128 எண்கள். ஒரே ஆளின் இரண்டு படங்கள் நெருங்கிய எண்களையும், வெவ்வேறு ஆட்களின் படங்கள் விலகிய எண்களையும் தரும்படி அந்த நிரல் பழக்கப்படுத்தப்படுகிறது.

நெருக்கத்தை எப்படி அளப்பது? இரண்டாம் படிவத்தில் ஆயத்தொலைவுப் பாடத்தில் (3, 4), (6, 8) ஆகிய இரு புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரத்தைக் கண்டுபிடித்தீர்கள் அல்லவா? வித்தியாசங்கள் 3, 4. அவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் 25. வர்க்கமூலம் 5. முக ஒப்பீட்டிலும் இதே சூத்திரத்தைப் பயன்படுத்தலாம். இரண்டு எண்களுக்குப் பதில் 128 எண்கள் என்பதே வேறுபாடு. தூரம் ஓர் எல்லைக்குக் குறைவாக இருந்தால் 'அதே ஆள்'. எல்லையைத் தாண்டினால் 'வேறு ஆள்'.

அந்த எல்லையை இயற்கை வகுக்கவில்லை, மனிதர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். மிகத் தாராளமாக வைத்தால், அண்ணனின் கணக்கைத் தம்பி ஓட்டினாலும் இயந்திரம் ஏற்றுக்கொள்ளும். இது தவறான ஏற்பு. மிகக் கறாராக வைத்தால், உரிமையாளரையே மறுத்துவிடும். இது தவறான மறுப்பு. ஒரே நிரலில் ஒன்றைக் குறைத்தால் மற்றொன்று கூடும். இரண்டையும் பூஜ்யமாக்கும் எல்லை நடைமுறையில் கிடைப்பதில்லை.

தூரம் எதனால் கூடுகிறது? முதுகுக்குப் பின்னால் வெயில் அடித்தால் கேமரா அந்த வெளிச்சத்துக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ளும், முகம் இருட்டாகிவிடும். கறுத்த நிறத்தவருக்கு இந்தப் பாதிப்பு அதிகம், ஏனென்றால் முகத்திலிருந்து திரும்பும் ஒளியே குறைவு. மழைத்துளி பட்ட லென்ஸ், தலைக்கவசத்தின் நிழல், ஐந்து வருடத்துக்கு முந்தைய பதிவுப் படம் எல்லாம் சேர்ந்துகொள்ளும். தாடி மீசையோடு பதிவு செய்துவிட்டு, தைப்பூசத்துக்கு மொட்டை போட்டு மழித்துக்கொண்டு வந்தவரின் தூரமும் சற்றுக் கூடலாம்.

பழக்கப்படுத்தும் படங்களிலும் கோளாறு நேரலாம். ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரு ஆய்வாளர்கள் 2018இல் மூன்று நிறுவனங்களின் மென்பொருள்களைச் சோதித்தார்கள். முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்கள் அவை. வெளிர் நிற ஆண்களிடம் பிழை 0.8 விழுக்காட்டைத் தாண்டவில்லை. கறுத்த நிறப் பெண்களிடம் 34.7 விழுக்காடு வரை போனது. அது அடையாளம் சரிபார்க்கும் சோதனை அல்ல என்பதை நினைவில் வையுங்கள். இருந்தாலும் 'சராசரியில் நல்ல மதிப்பெண்' என்பது எல்லோருக்கும் நல்லது என்று பொருள்படாது என்பதை அது காட்டிவிட்டது.

98 விழுக்காடு சரி என்றால்?

இப்போது கட்டுரையின் முக்கியமான இடத்துக்கு வருகிறோம். ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் எண்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. எந்த நிறுவனத்தின் எண்களும் அல்ல.

ஒரு நகரில் 10,000 ரைடர்கள். அவர்களில் 100 பேர் உண்மையிலேயே பிறர் கணக்கை ஓட்டுகிறார்கள். மீதி 9,900 பேர் நேர்மையானவர்கள். நம் இயந்திரம் தவறு செய்பவர்களில் 95 விழுக்காட்டினரைப் பிடித்துவிடும். நேர்மையானவர்களில் 98 விழுக்காட்டினரைச் சரியாக அனுமதிக்கும். 2 விழுக்காட்டினரை மட்டும் தவறாக மறுக்கும். கேட்பதற்கு நல்ல இயந்திரம்தான்.

எத்தனை கணக்குகள் முடங்கும்? தவறு செய்தவர்கள் 95. நேர்மையானவர்களில் 9,900க்கு 2 விழுக்காடு, அதாவது 198. மொத்தம் 293. அந்த 293 பேரில் 198 பேர் எந்தத் தவறும் செய்யாதவர்கள். மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்று அதிகம்!

எப்படி இது? நேர்மையானவர்களின் கூட்டம் மிகப் பெரியது. பெரிய கூட்டத்தின் சிறிய விழுக்காடு, சிறிய கூட்டத்தின் பெரிய விழுக்காட்டை விழுங்கிவிடுகிறது. மருத்துவத்திலும் இதே கணக்குதான். அரிதான நோய்க்கான பரிசோதனையில் நோய் இருப்பதாக முடிவு வந்தால், மருத்துவர் உடனே முடிவுகட்டாமல் இன்னொரு பரிசோதனை எழுதிக் கொடுப்பது இதனால்தான். 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த தாமஸ் பேய்ஸ் என்ற பாதிரியார் இந்தச் சிந்தனைக்கு வித்திட்டார். அவருடைய கட்டுரை அவர் இறந்த பிறகு 1763இல்தான் அச்சில் வந்தது.

இன்னொரு பக்கமும் உண்டு. ரைடர் ஒருமுறை மட்டும் சோதிக்கப்படுவதில்லை. தவறான மறுப்பு ஆயிரத்துக்கு ஒன்றுதான் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு ஒரு சோதனை, வருடத்தில் 300 வேலை நாள். 300 சோதனைகளிலும் தப்பிக்கும் வாய்ப்பு 0.999இன் 300ஆம் அடுக்கு. கால்குலேட்டரில் தட்டிப் பாருங்கள், ஏறக்குறைய 0.74 வரும். அதாவது, ஒவ்வொரு சோதனையும் மற்றதைச் சாராதது என்று கொண்டால், நேர்மையான ரைடர்களில் நால்வரில் ஒருவர் வருடத்தில் ஒருமுறையாவது மறுக்கப்படுவார்.

வானத்திலிருந்தும் குழப்பம் வரும்

முகம் மட்டும் சந்தேகத்தைக் கிளப்புவதில்லை. இருக்கும் இடத்தைப் பொய்யாகக் காட்டும் செயலிகளைச் சிலர் பயன்படுத்துவதால், நிறுவனங்கள் ஜிபிஎஸ் தகவலையும் கண்காணிக்கின்றன. ஜிபிஎஸ் துணைக்கோள்கள் ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவற்றின் சமிக்ஞை வந்து சேர எடுத்த நேரத்தைக் கொண்டு கைப்பேசி தன் இடத்தைக் கணக்கிடுகிறது. ஒளியின் வேகத்தில் வரும் சமிக்ஞை என்பதால், நேரத்தில் ஒரு விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலே தூரத்தில் 300 மீட்டர் பிசகும்.

திறந்த வெளியில் நல்ல கைப்பேசி ஐந்து மீட்டர் அளவுக்குத் துல்லியமாக இடத்தைச் சொல்லிவிடும். கோலாலம்பூரின் உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே நிலைமை வேறு. சமிக்ஞை கண்ணாடிச் சுவரில் பட்டுத் திரும்பி வரும்போது பாதை நீள்கிறது. கைப்பேசி அந்த நீளத்தையும் உண்மை என்று நம்பிவிடுகிறது. சமிக்ஞை விளக்கில் நிற்கும் ரைடரின் புள்ளி, வரைபடத்தில் இரண்டு விநாடியில் 100 மீட்டர் தாவுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். நின்றுகொண்டிருக்கும் மனிதர் காகிதத்தில் பந்தய வீரராகிவிட்டார். இதைப் பார்க்கும் ஒரு விதி 'போலி இடம்' என்று குறித்தால் ஆச்சரியமில்லை.

ஆக்ஸ்ஃபோர்டுஷியர் ரைடரின் வழக்கு

இவையெல்லாம் வெறும் தாள் கணக்கா? இங்கிலாந்தில் நடந்த ஒன்றைப் பார்ப்போம். பா எட்ரிஸா மஞ்சாங் என்ற கறுப்பின ரைடர், 2019 நவம்பரில் ஆக்ஸ்ஃபோர்டுஷியரில் ஊபர் ஈட்ஸ் செயலியில் வேலையைத் தொடங்கினார். முதலில் எப்போதாவது கேட்கப்பட்ட செல்ஃபி, போகப் போக அடிக்கடி கேட்கப்பட்டது. 2021இல் அவருடைய கணக்கு முடக்கப்பட்டது. படங்கள் தொடர்ந்து பொருந்தவில்லை என்று அவருக்குச் சொல்லப்பட்டது.

இனப் பாகுபாடு என்று அவர் தொழிலாளர் தீர்ப்பாயத்தில் வழக்குத் தொடுத்தார். அந்நாட்டின் சமத்துவ, மனித உரிமை ஆணையமும் செயலி ஓட்டுநர்களின் சங்கமும் அவருக்குத் துணை நின்றன. 2024இல் இரு தரப்பும் சமரசத்துக்கு வந்தன. அவருக்குப் பணம் வழங்கப்பட்டது. கணக்கும் திரும்பக் கிடைத்தது. சமரசம் என்பதால் யார் சொன்னது சரி என்று தீர்ப்பு வரவில்லை. அவர் தற்காலிகமாகக் கணக்கை இழந்ததற்குத் தானியங்கி முகச் சரிபார்ப்பு காரணமல்ல என்றும், தங்கள் முறையில் மனிதர்களின் மறுபரிசீலனையும் உண்டு என்றும் நிறுவனம் கூறியது.

அந்த 'மனித மறுபரிசீலனை' என்ற சொல்லைக் கவனியுங்கள். திரையில் 'பொருந்தவில்லை' என்று ஏற்கெனவே எழுதியிருக்கும்போது, அதைப் பார்க்கும் மனிதரும் தலையாட்டிவிடுவது எளிது. நெதர்லாந்தில் வாடகைக் கார் ஓட்டுநர்கள் சிலரின் கணக்கு முடக்கம் தொடர்பான வழக்கில், ஆம்ஸ்டர்டாம் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023 ஏப்ரலில் இதைத்தான் சுட்டியது: அங்கே மனிதத் தலையீடு வெறும் அடையாளத்துக்கு இருந்ததைவிட அதிகமாக எதுவும் இல்லை. வேலையைப் பறிக்கும் முடிவை இயந்திரம் மட்டும் எடுக்கக்கூடாது என்று ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2018 முதல் சொல்லிவருகிறது.

மேல்முறையீடு என்பது இன்னொரு சோதனை

மீண்டும் நம் 293 பேரிடம் வருவோம். அவர்கள் அனைவரையும் அதே திறனுள்ள இன்னொரு சோதனைக்கு உட்படுத்தினால்? தவறு செய்த 95 பேரில் 90 பேர் மறுபடி பிடிபடுவார்கள். நேர்மையான 198 பேரில் 2 விழுக்காடு, அதாவது 4 பேர் மட்டும் மறுபடி மாட்டுவார்கள். 194 பேருக்குக் கணக்கு திரும்பிவிடும். ஒரே ஒரு கூடுதல் சோதனை எவ்வளவு வேலை செய்கிறது பாருங்கள்!

ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. இரண்டாவது சோதனை முதல் சோதனையைச் சாராததாக இருக்க வேண்டும். அதே இருட்டுப் படத்தை அதே இயந்திரத்திடம் மறுபடி கொடுத்தால் அதே விடைதான் வரும். அது இரண்டாவது சோதனையே அல்ல. "நான் தவறு செய்யவில்லை" என்ற வாக்கியமும் அப்படித்தான். நேர்மையானவரும் அதை எழுதுவார், ஏமாற்றுபவரும் அதையே எழுதுவார். இருவரையும் பிரித்துக் காட்டாத தகவல் எதையும் நிரூபிக்காது.

ஆகவே மேல்முறையீட்டில் வைக்க வேண்டியது, இயந்திரம் இதுவரை பார்க்காத சான்று. முகம் பொருந்தவில்லை என்றால், வெளிச்சம் முன்னாலிருந்து விழும்படி, தலைக்கவசமும் முகக்கவரியும் இல்லாமல் எடுத்த புதிய படம். கூடவே அடையாள அட்டையைக் கையில் பிடித்த படத்தைக் கேட்டால் அதுவும். ஆனால் அதிகாரபூர்வச் செயலி வழியாக மட்டும் அனுப்புங்கள். நேரில் போகும் சேவை மையம் இருந்தால் இன்னும் நல்லது. எதிரில் நிற்கும் ஆளை அட்டையோடு ஒப்பிட ஓர் ஊழியருக்கு 128 எண்கள் தேவையில்லை.

இடம் தொடர்பான சந்தேகம் என்றால் சான்று வேறு. உணவகம் கொடுத்த ரசீதில் நேரம் இருக்கும். கதவருகே பொட்டலத்தை வைத்து எடுத்த படத்திலும் நேரம் பதிவாகியிருக்கும். கொண்டோமினியக் காவல் கூடத்தில் பெயரும் மோட்டார் எண்ணும் எழுதிய பதிவேட்டை மறந்துவிடாதீர்கள். ஜிபிஎஸ் துணைக்கோளுக்கும் அந்தப் பேனாவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதுதான் அதன் பலம். தேதி, நேரம், ஆர்டர் எண் என்று வரிசைப்படுத்தி ஒரே கடிதமாக அனுப்புவது, கோபமான பத்துக் குறுஞ்செய்திகளைவிட நூறு மடங்கு மேல். முடக்கச் செய்தி வந்ததும் அதைத் திரைப்படமாகப் பிடித்து வைத்துக்கொள்ளவும் வேண்டும். அதில் உள்ள காரணம்தான் எந்தச் சான்றைத் தேடுவது என்று சொல்கிறது.

காரணமே சொல்லப்படவில்லை என்றால்? மலேசியாவின் 2010ஆம் ஆண்டு தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, தன்னைப் பற்றி நிறுவனம் வைத்திருக்கும் தனிப்பட்ட தரவைக் கேட்டுப் பெறவும், தவறிருந்தால் திருத்தக் கோரவும் ஒருவருக்கு உரிமை உண்டு. எழுத்து மூலம் கேட்க வேண்டும்; பதிலுக்கு 21 நாள் காலவரையறை. ஐந்து வருடத்துக்கு முந்தைய பதிவுப் படமே இன்னும் இருக்கிறது என்று அதில் தெரியவந்தால், பாதிப் புதிர் அவிழ்ந்துவிடும். மேலும், கிக் தொழிலாளர்களுக்கான சட்ட மசோதாவை நம் மக்களவை 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது. தகராறுகளை விசாரிக்கத் தனித் தீர்ப்பாயம் அமைக்க அது வழிசெய்கிறது. சிங்கப்பூரில் 2025 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள சட்டம், தள ஊழியர்களுக்கு வேலையிட விபத்து இழப்பீடு, மத்திய சேம நிதி ஆகியவற்றோடு தங்களைப் பிரதிநிதிக்கும் அமைப்புகளை உருவாக்கிக்கொள்ளும் உரிமையையும் தருகிறது.

செய்யவே கூடாதவை சில. இன்னொரு கணக்கைத் திறப்பது முதலாவது. அதே அடையாள அட்டை, அதே கைப்பேசி, அதே வங்கிக் கணக்கு என்று சர்வர் எளிதாக முடிச்சுப்போட்டுவிடும். அதுவரை பொய்யாக இருந்த சந்தேகம் அப்போது மெய்யாகிவிடும். யாருடைய கணக்கையும் இரவல் வாங்குவதும் அப்படியே. "300 ரிங்கிட் கொடுங்கள், ஒரு மணி நேரத்தில் திறந்து தருகிறேன்" என்று டெலிகிராமில் வருபவரிடம் ஓடிபி எண்ணைக் கொடுத்தால், முடங்கிய கணக்கோடு வங்கிப் பணமும் போகும். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 997 என்ற எண்ணில் தேசிய மோசடி நடவடிக்கை மையத்தை அழைக்க வேண்டும்.

நீங்களே கணக்கிடுங்கள்

ஒரு சிறு நகரில் 2,000 ரைடர்கள். அவர்களில் 20 பேர் பிறர் கணக்கை ஓட்டுகிறார்கள். எல்லையைக் கறாராக வைத்தால் இயந்திரம் அந்த 20 பேரில் 90 விழுக்காட்டினரைப் பிடிக்கிறது; நேர்மையானவர்களில் 5 விழுக்காட்டினரைத் தவறாக மறுக்கிறது. எல்லையைத் தளர்த்தினால் பிடிபடுவோர் 70 விழுக்காடு, தவறான மறுப்பு 1 விழுக்காடு. இரண்டு நிலையிலும் முடக்கப்பட்டவர்களில் எத்தனை விழுக்காட்டினர் நேர்மையானவர்கள்?

விடை: முதல் நிலையில் 117 பேரில் 99 பேர், ஏறக்குறைய 85 விழுக்காடு. இரண்டாம் நிலையில் 34 பேரில் 20 பேர், ஏறக்குறைய 59 விழுக்காடு. முதல் நிலையில் தப்பும் ஏமாற்றுக்காரர்கள் 2 பேர், இரண்டாம் நிலையில் 6 பேர். நீங்கள் அந்த நிறுவனத்தின் பொறியாளராக இருந்தால் எல்லையை எங்கே வைப்பீர்கள்? உங்கள் அண்ணன் அங்கே ரைடராக இருந்தால்? இரண்டு விடைகளையும் எழுதி, வகுப்பில் நண்பர்களின் விடைகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.